ரேடியம்மா

“ஒண்ணே ஒண்ணாவது உட்டுட்டுப் போடா” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

கீரப்பாளையத்தில் அவள் வீட்டுக் கூடம். செத்துப்போன தன் குழந்தையின் சாமான்களை அவளே கொண்டுவந்து ஒரு பாயில் பரப்பியிருந்தாள். பாய்க்கு இந்தப் பக்கம் நான். என் முன்னால் ஒரு சின்ன மரப்பெட்டி. எந்தச் சாமான் வீட்டில் இருக்கலாம், எது போக வேண்டும் என்று அந்தப் பெட்டி சொல்லும். அது சொல்வதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஊர் உலகத்தில் இந்த வேலைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, ரேஷன் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த காலம். சிதம்பரத்தில் ஒரு காலேஜில், பௌதிக லேபில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர்தான் பெரிசு. பையன்களுக்குக் கம்பி மாட்டிக் கொடுப்பதும், கண்ணாடியை உடைத்தால் அவர்களைத் திட்டுவதும்தான் வேலை. திட்டுவதில் எனக்கு நல்ல பெயர்.

அந்தப் பெட்டி லேபுக்குச் சொந்தமானது. உள்ளே ஒரு பித்தளைக் கம்பி, அதன் அடியில் தங்கத்தை அடித்து அடித்து மெல்லிசாக்கிய ஓர் இலை. கருப்பு எபொனைட் கோலைக் கம்பளியில் தேய்த்து மேலே இருக்கும் குமிழில் வைத்தால், இலை மின்சாரம் ஏறி விலகி நிற்கும். ரேடியம் பக்கத்தில் வந்தால் அந்த மின்சாரம் காற்றில் ஓடிப்போய்விடும், இலை படுத்துவிடும். நிறைய ரேடியம் இருந்தால் சட்டென்று படுக்கும், கொஞ்சம் இருந்தால் மெதுவாகப் படுக்கும், இல்லாவிட்டால் நிற்கும். இவ்வளவுதான் வித்தை. நம்முடைய கடலோரத்து ஈரக்காற்றிலும் அது படுக்கும் என்பதால், கரி அடுப்பில் லேசாகக் காயவைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி அக்காவைப் பற்றி. அவள் வாயாடி. ரைஸ் மில்லில் வேலை பார்த்த என் மாமா, அவள் புருஷன், நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், “மில்லே தேவலாம் மச்சான்” என்று என்னிடம் சொல்வார். அவளும் விடமாட்டாள். “மில்லு சோறு பொங்கிப் போடுமா, கேளு உங்க மாமாவ” என்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. தடித்து, கட்டியாகி, கடைசியில் புற்று என்று சொன்னார்கள். கைக்குழந்தைக்காரி. குழந்தை அப்போதுதான் சுவரை விட்டுவிட்டு நடக்கப் பழகியிருந்தது.

கடலூரில் ஒரு டாக்டர் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து ரேடியம் ஊசிகளை வரவழைத்து அவர் வைத்தியம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோனோம். ஊசி என்றால் குத்திவிட்டு எடுக்கிற ஊசி இல்லை. உள்ளே ரேடியம் அடைத்த, துணி தைக்கிற ஊசி மாதிரி ஒரு சின்ன உலோகக் குழாய். காதில் நூல் கோத்திருக்கும். அதைக் கட்டியைச் சுற்றிக் குத்தி அப்படியே விட்டுவிடுவார்கள். நூல்கள் வாய்க்கு வெளியே தொங்கும். எடுக்கிற வரைக்கும் பேசக் கூடாது.

என் அக்காவைப் பேசக் கூடாது என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? ஜாடை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்துபோனாள். ஒருநாள் நர்ஸிடம் தன் கன்னத்தைத் தொட்டு, இது என்ன என்று ஜாடையில் கேட்டிருக்கிறாள். நர்ஸ் அவசரத்தில் போகிற போக்கில், “அது ரேடியம்மா. அது இருக்கற எடத்துல கட்டி வளராது, கவலப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நர்ஸ் சொன்னது, ‘ரேடியம், அம்மா.’ அக்கா காதில் விழுந்தது ரேடியம்மா. மாரியம்மா, எல்லையம்மா மாதிரி ஒரு பெயர். வாய் திறந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள், நர்ஸும் சிரித்துவிட்டுச் சொல்லியிருப்பாள். பக்கத்துக் கட்டில் பெண்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். காலையில் நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். அது தொடக் கூடாத பொருள், விஷம் என்று யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூட்டைப்பூச்சி மருந்து டப்பாவில்கூட மண்டையோடு போட்டு விற்கிறான். படிக்காத பொம்பளைகளுக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள்போல. நன்றாக இருக்கட்டும்.

ஊசிகளை எடுக்கிற அன்று ஒன்று குறைந்தது. கட்டிலைப் புரட்டினார்கள், குப்பையைக் கிளறினார்கள், கிடைக்கவில்லை. டாக்டர் வெளியே சொல்லப் பயந்துகொண்டு வாரக்கணக்கில் தானே தேடியிருக்கிறார். முடியாமல்போனபோதுதான் எங்கள் காலேஜுக்கு ஆள் அனுப்பினார். எங்கள் புரொபசர் என்னைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்றார்.

நான் ரயிலில் கடலூருக்குப் போய், ஆஸ்பத்திரியின் சாக்கடை, சாம்பல் குழி, வண்ணார் வீடு, கெடிலம் ஆற்றில் துணி துவைக்கிற கல் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆடுமேய்த்த ஒருத்தன், என்ன சாமி, புதையலா என்று கேட்டான். எரிந்து விழுந்தேன். எங்கேயும் இலை படுக்கவில்லை. கடைசியில் டாக்டர், “அந்த வார்டுல இருந்தவுங்க வீடுகளையும் ஒருதடவ பாத்துடுங்க” என்றார். அந்த வீடுகளில் என் அக்கா வீடும் ஒன்று.

நான் சிரித்துக்கொண்டேதான் போனேன். சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான் போனேன். கன்னம் வற்றிப்போய், பேச்சு கொஞ்சம் குழறினாலும் அக்கா பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள்.

“எதுக்குடா பொட்டியத் தூக்கிகினு வந்துட்ட? மூக்குப்பொடி வியாபாரமா?”

“திருடியப் புடிக்க வந்திருக்கேன்.”

“புடி புடி. உங்க மாமா பர்ஸ்ல ஒண்ணுமில்ல, அது மட்டும் எனக்குத் தெரியும்.”

பெட்டியைக் காயவைத்து, கூடத்தில் உட்கார்ந்து, இலையை விரித்தேன். நின்றது. அப்போது கொல்லைப்புறத்திலிருந்து பாப்பா ஓடிவந்து, “மாமா பொட்டி” என்று என் மடியில் ஏறினாள். இலை படுத்துவிட்டது.

ஈரம் என்று நினைத்தேன். அவளை இறக்கிவிட்டு மறுபடியும் அடுப்பில் காட்டினேன், மறுபடியும் விரித்தேன். நின்றது. அவள் வந்தாள், படுத்தது. “பாப்பா, வாசலுக்குப் போ” என்றேன். போனாள். இலையை விரித்துவிட்டு, “வா” என்றேன். வந்தாள். படுத்தது. “போ” என்றேன். அவளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கலகலவென்று சிரித்துக்கொண்டு ஓடிப்போய், சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அக்காவும் சிரித்தாள். மாமா கை தட்டினார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

குழந்தையைப் பிடித்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து. அது படுகிற இடத்தில் வயிற்றுத்தோல் சிவந்து, வெந்துபோன மாதிரி புண்.

“இது என்னா புண்ணு?”

“சூட்டுக் கொப்புளம்டா. வெளக்கெண்ண போட்டுகினுதான் இருக்கேன், ஆறல.”

“தாயத்துக்குள்ள என்னா இருக்கு?”

“தொப்புள்கொடிதான். எல்லாப் புள்ளைக்கும் இருக்கறதுதான?”

“வேற என்னா இருக்கு அக்கா?”

அவள் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். “கண்டுபுடிச்சிட்டியா? ரேடியம்மா.”

ஊசி எடுப்பதற்கு முந்தின நாள் வாயிலிருந்து ஒன்று தானாகக் கழன்று தலையணையில் விழுந்திருக்கிறது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தையை அவள் பக்கத்திலேயே விடவில்லையாம். “புத்து ஒட்டிக்கும்டி, வாயோட வாய் வச்சிக் கொஞ்சாத” என்றிருக்கிறார்கள். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. கட்டி வளராமல் காக்கிற ரேடியம்மா குழந்தை இடுப்பில் இருந்தால் எது ஒட்டும்? தட்டாரிடம் கொண்டுபோய்த் தாயத்தைத் திறந்து, தொப்புள்கொடியோடு அதையும் போடச் சொல்லியிருக்கிறாள். ஊசி தாயத்தைவிட நீளமாக இருந்ததால் தட்டார் அதன் நுனியைக் கத்தரித்துப் போட்டு அரக்கு வைத்து மூடிக் கொடுத்திருக்கிறார்.

“அதுக்கப்புறந்தான்டா எம் புள்ளய நான் ஆச தீர முத்தம் குடுத்தேன்” என்றாள்.

நான் அரிவாள்மனையில் கயிற்றை அறுத்து, தாயத்தைக் குறட்டால் தூக்கி, கொண்டுவந்திருந்த கனத்த காரீயப் பாத்திரத்துக்குள் போட்டேன். பிறகு அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கத்தினேன் என்று மாமா பிற்பாடு சொன்னார். அக்கா நான் சொன்னதை முதலில் நம்பவில்லை. “எனக்கு நல்லது பண்ணுனது அவளுக்கு எப்பிடிடா கெடுதல் பண்ணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேள்வியில் என்ன தப்பு? படித்தவன் நான் அதற்கு எத்தனை விளக்கம் சொன்னாலும் என் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

குழந்தைக்குப் பல் முளைக்கிற பருவம். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். தாயத்தையும் மேலே இழுத்து இழுத்துக் கடித்திருக்கிறது. நுனி வெட்டிய ஊசியிலிருந்து பொடி கசிந்து, அரக்கு விரிசல் வழியாக வெளியே வந்திருந்தது. வயிற்றுப் புண்ணோடு போகவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போனது. கடலூர் டாக்டர் தானே காரில் வந்தார், மெட்ராஸுக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவர் கெட்டவர் இல்லை, அழுதார். அழுது என்ன ஆகப்போகிறது? ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் குழந்தை அக்கா மடியிலேயே போய்விட்டது. குழந்தை என்பதால் எரிக்கவில்லை, வாய்க்கால் கரையில் புதைத்தோம்.

காரியம் முடிந்த கையோடு டாக்டர் வந்து அக்காவின் வாயைத் திறந்து பார்த்தார். புற்று சுத்தமாகப் போய்விட்டது, இனி பயமில்லை என்றார்.

“அத யாரு கேட்டா?” என்று அக்கா சொன்னாள்.

எங்கள் புரொபசர்தான் அடுத்ததைச் சொன்னார். பொடி கசிந்திருந்தால் அது குழந்தை தொட்ட எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை வராது, ஆயிரம் வருஷம் ஆனாலும் போகாது. வீட்டை முழுக்கச் சோதித்து, எதில் ரேடியம் இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு இரும்புப் பீப்பாயில் போட்டு சிமென்ட் ஊற்றி அடைத்துவிட வேண்டும். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நான் கெஞ்சினேன். முன்பின் தெரியாதவன் உன் அக்கா வீட்டுக்குள் போய் அந்தச் சாமான்களைத் தொட்டால் தேவலையா என்று அவர் கேட்டார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். முதலில் தட்டார் பட்டறைக்குப் போய்த் தரையைச் சுரண்டி எடுத்தேன். பாவம், அவர் விரல் நுனியும் வெந்துபோயிருந்தது. பிறகு அக்கா வீட்டுக்கு வந்தேன்.

சுவரோரம் இலை நின்றது. அடுக்களையிலும் நின்றது. தரையில் குழந்தை உட்கார்ந்து விளையாடின ஒரு மூலையில் இலை மெல்லப் படுத்தது. அங்கே மண்ணை வெட்டி எடுத்தேன். கடைசியில்தான் பாய்க்கு வந்தேன். அப்போதுதான் அக்கா கேட்டாள், ஒண்ணே ஒண்ணாவது உட்டுட்டுப் போடா என்று.

“நிச்சயமா இருக்கும்க்கா” என்றேன். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. இத்தனை சாமானில் ஒன்றுகூடவா தப்பியிருக்காது?

தூளி கட்டின பழைய புடவையை முதலில் எடுத்தாள். இலை படுத்தது. மாமா அதை வாங்கிக்கொண்டு வாசலில் இருந்த பீப்பாய்க்குப் போனார். மரப்பாச்சியை எடுத்தாள். தலைப்பக்கம் பூராவும் குழந்தையின் பல் தடம். இலை படுத்தது. பால் சங்கு, படுத்தது. கிலுகிலுப்பை, கருவளையல், கொலுசு, கிழிந்த சட்டை, மொட்டை போட்டபோது போர்த்தின துண்டு. ஒவ்வொன்றையும் நீட்டும்போது அக்கா என் முகத்தைத்தான் பார்த்தாள், பெட்டியைப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டினேன். கொலுசை மட்டும் தேய்த்துக் கழுவி மறுபடி பார்க்கச் சொன்னாள். கழுவினேன், பொடி மணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது, வரவில்லை. “நல்லாப் பாருடா, நீ சரியாப் பாக்க மாட்டேங்கற” என்றாள். மறுபடியும் பார்த்தேன்.

எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பொய் சொன்னால் அவள் அதை ராத்திரி பூராவும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு படுப்பாள். அது எனக்குத் தெரியும்.

பாய் காலியாகிவிட்டது. மாமா வாசல்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். சிவப்புப் பட்டுப்பாவாடை. தீபாவளிக்கு என்று எடுத்து வைத்தது. தீபாவளிக்குக் குழந்தை எழுந்து உட்காரவே இல்லை.

இலையை விரித்துப் பாவாடையைப் பக்கத்தில் வைத்தேன். நின்றது. இன்னும் கிட்டத்தில் தள்ளினேன், அசையாமல் நின்றது. “நிக்குதுக்கா, நிக்குது! இத நீ வச்சிக்க!” என்று முட்டாள் மாதிரி சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

அக்கா அதை வாங்கி முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

“கடை வாசனதான்டா வருது” என்றாள். “இத அவ தொடவே இல்லியே. அவ தொடாதத வச்சிகினு நான் என்னா பண்ணுவேன்?”

அவளே எழுந்துபோய் அதைப் பீப்பாயில் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பெட்டிக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“என்னயப் பாரு.”

இலை படுத்தது.

இத்தனை நாளும் ராத்திரியில் அந்தச் சாமான்களைத்தான் கையில் வைத்து உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். கை வெடிப்புகளிலும் நகக்கண்ணிலும் அந்தப் பொடி ஏறியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை போனபிறகு முதல்தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

“அவ இருக்கா இல்ல? என் கையில இருக்கா இல்ல?” என்றாள். சட்டென்று இரண்டு கையையும் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “இத எந்தப் பீப்பாயில போடுவ?”

“கழுவணும்க்கா.”

“கழுவ மாட்டேன்.”

“அக்கா, கைல இருந்தா சோத்தோட உள்ள போவும். அவளுக்கு வந்தது உனக்கும் வரும்.”

“வரட்டும். எனக்கு அவ கை போதும். போடா, போயிடு. என் வீட்ட உட்டுப் போயிடு!”

கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், காலில் விழுந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா எழுந்து வந்தார். அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் உதைத்தாள், கடித்தாள், என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீரில் முக்கி, சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்தேன். தண்ணீரைப் பீப்பாயில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்தேன். நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டினேன். பெட்டியில் வைத்துப் பார்த்தேன். முதலில் படுத்தது. மறுபடி தேய்த்தபோது மெதுவாகப் படுத்தது. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, “கொஞ்சம் உட்டு வையிடா, கொஞ்சமே கொஞ்சம்” என்று கேட்க ஆரம்பித்தாள். நான் காதில் வாங்காத மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தேன். தோல் சிவந்து ரத்தம் துளிர்த்தது.

இலை நின்றது.

மாமா பிடியை விட்டார். அக்கா தன் கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப சுத்தமா போயிட்டாளா?” என்று என்னைக் கேட்டாள்.

“போயிட்டாக்கா” என்றேன்.